இரண்டரை அங்குலம்

மில்லு ஸ்டோரில் போல்ட்டு, நட்டு, பெல்ட்டுக் கணக்கோடு
விளையாட்டுச் சாமான் கணக்கும் என்னிடம்தான் இருந்தது.
பதினாறு ராத்தல் இரும்புக்குண்டு ஒன்று.
வட்டு இரண்டு, அதில் ஒன்று விளிம்பு பிளந்தது.
மேட்டுப்பாளையம் மரக்கடை மூங்கில் மூன்று.
நூறடித் துணி டேப் ஒன்று, தோல் கூட்டோடு.

ஒரு வகையில் சென்னியப்பனும் அந்தக் கணக்கில்தான்.
ஊத்துக்குளிப் பக்கம். வாய்க்கால் தாண்டியதைப் பார்த்த
ஃபிட்டர் ஒருவர் கூட்டிவந்து கார்டிங்கில் சேர்த்தார்.
வருஷத்துக்கு ஒரு ஜோடி ஆணிச் செருப்பு,
தினம் அரைப்படி பால்,
மூன்று மணிக்கு மேல் வேலை இல்லை.
எழுதி, ரசீது வாங்கி, கொடுத்தேன்.

சிங்காநல்லூர்ப் பொட்டலில் குழி வெட்டி
நாலு வண்டி நொய்யல் மணல் கொட்டினோம்.
மூங்கில் ஊன்றித் தாண்டி விழுகிற இடத்தில்
கழிவுப் பஞ்சு.
விழுந்து எழுந்தால் தலை, மீசையெல்லாம் நரைத்து
அறுபது வயசு ஆளாட்டம் நடந்து வருவான்,
அடுத்த முறை தாண்ட.

"எதுக்குங் பத்து? ஒண்ணு போதாதுங்களா?"
என்று முதல் வருஷம் கேட்டவன்தான்.
மதறாஸில் இரண்டாம் பரிசு வாங்கி வந்தபிறகு
நீளத்தை மட்டும் தாண்டு என்றால் முகம் சுண்டிப்போகும்.
ஈட்டி அவனுக்கு வராது.
ஆயிரத்தைந்நூறு மீட்டரில், கடைசிச் சுற்றில்,
யாரையோ திட்டிக்கொண்டே ஓடுவான்.
மணலுக்கு வந்தால் மட்டும் பேச்சில்லை.

மானேஜர் அறைக் குப்பைக்கூடையில் ஓர் ஆங்கிலப் பத்திரிகை.
அதில் ஒருவன், சிலி நாட்டுக்காரன்,
அவனும் பத்துப் போட்டிக்காரன், அவனும் தாண்டுகிறவன்,
நாற்காலி இல்லாமல் காற்றில் உட்கார்ந்திருந்தான்.
பெயர் எங்கள் இருவர் வாயிலும் நிற்கவில்லை.
மீட்டரில் போட்டிருந்ததை அடியாக்கித் தந்தது நான்:
இருபத்துமூன்று அடி, எட்டங்குலம்.
கஞ்சி தடவித் தூணில் ஒட்டினான்.
ஒன்பது வருஷம் அந்தத் தூணோடு போட்டி.

ஐம்பத்துமூன்றில் இருபத்திரண்டு அடி ஓரங்குலம்.
ஐம்பத்தைந்தில் முழங்கால். ஒன்றுமில்லை.
ஐம்பத்தேழு தை மாதம், மில்லு விழாவில்,
அரிசிமூட்டை விழுந்த மாதிரி ஒரு சத்தம்.
மணலில் குனிந்து சுழியைப் பிடித்திருந்தேன்.
பலகைப் பக்கம் படித்தவர் சொன்னார்:
இருபத்துமூன்று ஆறு.
அதற்கு மேல் அவன் போகவே இல்லை.

அறுபத்துநாலில் புது ஷெட் கட்ட
இரும்பு டேப் வந்தது, எண்ணெய் வாசத்தோடு.
ஏன் தோன்றியதோ, கோடவுன் தரையில்
பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தேன்.
துணியில் இருபத்துமூன்று ஆறு காட்டிய இடத்தில்
இரும்பு காட்டியது
இருபத்துமூன்று எட்டரை.

மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து,
ஆளாளுக்கு இழுத்து, நீண்டுபோயிருக்கிறது.
ஐம்பத்தேழிலேயே இவ்வளவு நீண்டிருந்ததா,
யாருக்குத் தெரியும்.
இரண்டையும் தூக்கிக்கொண்டு கார்டிங்குக்கு ஓடினேன்.

அப்போது அவன் ஜாபர். வயிறு வைத்திருந்தது.
தூணுக்கு வெள்ளையடித்து, படம் இருந்த இடம்
லேசாகப் புடைத்திருந்தது.
மெஷின் இரைச்சலில் இரண்டு முறை கத்திச் சொன்னேன்.
அரை அங்குலம், உனக்குத்தான் கூட, என்றேன்.

துணியைக் கட்டைவிரலால் நீவினான்.
"அப்ப எங்கிட்டத் தோத்தவங்களுக்கும் கூடுமில்ல?"
கொஞ்ச நேரம் கழித்து:
"அந்தச் சிலிக்காரனுக்குப் புடிச்சது
என்ன டேப்போ. பாவம்.
போச்சாது உடு."

சங்கு ஊதியது. ஷிப்டு மாறுகிற கூட்டத்தில்
அவன் தலை மட்டும் கொஞ்ச தூரம் தெரிந்தது.

திரும்பி வந்து கழிவுப் பதிவேட்டில் எழுதினேன்:
துணி டேப், ஒன்று.
காரணம் என்ற கட்டத்தில், நீட்டம்.
எரிக்கக் கொடுத்ததாகவும் எழுதினேன்.
கொடுக்கவில்லை.